கேம்பர் கூண்டில் நீர், தூசி, வெப்பம்: அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

பிக்கப் வண்டியின் சரக்குத் தளத்தில் படுக்கையும் அடுப்பும் சிறு குளிர்பெட்டியும் கொண்ட ஒரு கூண்டை ஏற்றிக்கொண்டு பயணம் போகிறவர்களைக் கொங்கு நாட்டின் நிலமும் வானமும் ஒரே நாளில் பல விதமாகச் சோதிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும் அதே பிற்பகலில், ஆழியாற்றைக் கடந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறையில் சாரலும் மழையும் மாறி மாறி அடிக்கும். சித்திரையில் கரூர்ப் பக்கம் வெயிலில் நிறுத்திய வண்டியின் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டிய கூண்டைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில்தான் கட்டுகிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் ஆகிய ஊர்களில் லாரிக்கும் பேருந்துக்கும் பாடி கட்டிப் பழகிய கைகளுக்குத் தகடு வளைப்பதையும் சட்டம் பற்றவைப்பதையும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சரக்கு ஏற்றும் பாடியின் தேவை வேறு, ஆள் உறங்கும் கூண்டின் தேவை வேறு என்பதால், கட்டி முடித்த முதல் மழைக்காலத்திலேயே சில குறைகள் தலைகாட்டும்.

குறை தெரிந்தவுடன் பலரும் சிலிக்கான் குழாயை எடுத்துக்கொண்டு ஈரம் தெரிகிற இடத்தில் பூசத் தொடங்குகிறார்கள். அடுத்த மழையில் அது வேறு இடத்தில் ஒழுகும், அங்கும் பூசுவார்கள், நாளடைவில் உண்மையான பொத்தல் எது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கூண்டு முழுதும் சிலிக்கான் படிந்துவிடும். எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு முன், எப்போது ஒழுகுகிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா, மழை நின்ற பிறகா, மழையே இல்லாத விடியற்காலையிலா என்பதைப் பொறுத்து, நீரை உள்ளே தள்ளும் விசை எது என்பது தெரிந்துவிடும். விசை தெரியாமல் அடைக்கிற எந்த அடைப்பும் நிலைக்காது. ஆகையால் கீழே உள்ள பகுதிகள் அனைத்தும் அறிகுறியையும் அது தோன்றும் வேளையையும் கொண்டே பிரிக்கப்பட்டுள்ளன.

தேடத் தொடங்குவதற்கு முன்

நீர் தெரியும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. கூரையின் முன்முனையில் நுழைந்த நீர், சட்டக் குழாயின் மேல் வழிந்து, உட்புறப் பலகைக்குப் பின்னால் இறங்கி, பின்கதவுக்கு அருகே சொட்டும். எனவே இயன்றவரை உட்புறப் பலகைகளைக் கழற்றிவிட்டு, ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர, மற்றொருவர் வெளியே தோட்டக் குழாயால் நீர் விட வேண்டும். நீரைக் கீழிருந்து மேலாகவே விட வேண்டும் என்பது இதில் முக்கியமானது. முதலில் தளத்தை ஒட்டிய இணைப்பு, பிறகு சன்னலின் கீழ்விளிம்பு, பிறகு மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை என்று ஒவ்வொரு மட்டத்திலும் பத்து நிமிடமாவது நீர் ஓடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்பது தெரியாமல் போகும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் உயரழுத்தக் குழாயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது நல்ல ரப்பரையும் தாண்டி நீரைச் செலுத்தி, இல்லாத குறையை உண்டாக்கிக் காட்டும்.

இதனினும் துல்லியமான வழி ஒன்று உண்டு. கூரைக் காற்றுப்போக்கியையும் தெரிந்த துளைகளையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, சன்னல் இடுக்கின் வழியே ஒரு ப்ளோயரால் உள்ளே மெதுவாகக் காற்றைச் செலுத்தி, வெளியே இணைப்புகளின் மீது சோப்பு நீரைத் தடவினால், பொத்தல் உள்ள இடத்தில் குமிழி எழும். நீர் உள்ளே சுற்றி வந்து ஏமாற்றும் வேலை இதில் இல்லை. குமிழி எழும் இடமே துளை. காற்று மிகுந்துவிட்டால் பலகைகள் உப்பும் என்பதால், ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைப்பது போதும்.

நிற்கும்போது ஒழுகுகிறது, மழை நின்ற பிறகும் சொட்டுகிறது

இங்கே விசை புவியீர்ப்பு மட்டுமே. கூரையில் நீர் தேங்குகிறது என்பதே இதன் பொருள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், காற்றுப்போக்கியைச் சுற்றியோ சோலார் பலகையின் கால்களைச் சுற்றியோ குளம் கட்டியிருப்பது தெரியும். தட்டையாகக் கட்டிய கூரை, நாளாக நாளாக நடுவில் தாழும். தாழ்ந்த இடத்தில்தான் நாம் துளையிட்டுக் கருவிகளைப் பொருத்தியிருப்போம். நடுவில் சற்று மேடாகக் கூரையை அமைத்தலே நிலையான தீர்வு. ஏற்கெனவே கட்டிய கூண்டானால், உள்ளிருந்து குறுக்குச் சட்டம் கொடுத்துத் தாழ்ந்த பகுதியை உயர்த்தலாம். அதுவும் இயலாதபோது, நிறுத்தும் இடத்தில் வண்டியின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ சற்று உயரமாக வைத்தாலும் நீர் வடிந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தகடுகளின் மேல்படிவு. ஓட்டு வீட்டில் மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின் மீது படிவதைப் போல, கூரைத் தகடுகளில் முன்தகட்டின் விளிம்பு பின்தகட்டின் மேல் படிந்திருக்க வேண்டும். ஓடும் வண்டிக்கு முன்பக்கமும் ஒரு விதத்தில் மேல்பக்கமே. இது மாறியிருந்தால் காற்றும் மழையும் விளிம்புக்கு அடியில் புகும். பேருந்துப் பாடி கட்டுகிறவர்களுக்கு இது மனப்பாடம். வீட்டு வேலை செய்யும் பற்றவைப்புப் பட்டறைகளில்தான் இது அடிக்கடி தவறுகிறது.

அடைப்புப் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புளிக்காடி மணம் வீசும் மலிவுச் சிலிக்கான், கெட்டிப்படும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுத் துத்தநாகம் பூசிய தகட்டை அரிக்கும். அதோடு, சிலிக்கான் படிந்த பரப்பில் பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் (இணைப்பை அடைக்கும் பசையும்) ஒட்டாது. பழைய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கானைப் பூசுவதால் பயன் ஏதும் இல்லை. கூண்டின் இணைப்புகளுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் ஏற்றது. வண்டிக் கண்ணாடி ஒட்டும் கடைகளில் இதனைப் பி.யூ. என்று கேட்டால் கொடுப்பார்கள். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் இது நாளடைவில் வெளிறிப் பொடியும் என்பதால், மேலே பெயின்ட் அடித்துவிட வேண்டும். காற்றுப்போக்கி, சன்னல் ஆகியவற்றின் சட்ட விளிம்புகளுக்கு அடியில் பியூட்டைல் டேப்பைக் கொடுத்துத் திருகாணிகளை முறுக்குவது எல்லாவற்றிலும் மேலான முறை. இந்த டேப் ஒருபோதும் கெட்டிப்படாது; தகடு அசைந்தால் தானும் அசையும். வெயிலில் இளகிப் பக்கவாட்டில் பிதுங்குவது இதன் இயல்பு. பிதுங்கியதை வெட்டிவிட்டு, சில நாள்களில் திருகாணிகளை மறுபடியும் சற்று முறுக்க வேண்டும்.

பூசும் கனமும் முக்கியம். 3 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நண்பகல் வெயிலில் கொதித்த கூரையின் மீது ஐப்பசி மழை திடீரென்று கொட்டும்போது இவ்வளவு அசைவும் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. விரலால் மெல்லியதாக இழுத்துப் பூசிய சீலன்ட் இதைத் தாங்காமல் கிழியும். இரண்டு தகடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை நிரப்பி, நிரப்பியது முழுதும் கெட்டிப்படும்வரை வண்டியை எடுக்காமல் இருக்க வேண்டும். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் கெட்டிப்படுவது. ஒரு நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் முற்றும். மாலையில் பூசிவிட்டு மறுநாள் காலையில் மலை ஏறுவது, பூசாமலே இருப்பதற்குச் சமம்.

நிற்கும்போது ஒழுகவில்லை, ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது

இங்கே விசை காற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 300 பாஸ்கல். அது நீரை 30 மில்லிமீட்டர் உயரம்வரை மேலே தள்ள வல்லது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இது 17 மில்லிமீட்டர். அதாவது, நீர் ஏறாதிருக்க முன்புறத்தில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு மடித்துவிட்ட தகட்டு விளிம்பு, ஊருக்குள் ஓடும்போது காத்து, நான்குவழிச் சாலையில் ஏறியவுடன் தோற்றுவிடும். ஓட்டுநர் அறைக்கு மேலே நீண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் அடித்தகடு இதில் முதல் இலக்கு. அங்கே அடியிலிருந்து மேல்நோக்கி நீர் தெறிப்பதைக் குழாய்ச் சோதனையில் யாரும் சோதிப்பதில்லை. அந்த அடிப்பகுதியைக் கூடுமானவரை ஒரே தகடாக அமைப்பதும், இணைப்பு தவிர்க்க முடியாததாக இருந்தால் அதைப் பின்பக்கம் தள்ளுவதும் நல்லது.

சறுக்குச் சன்னல்களில் வேறொரு குறை உண்டு. சன்னலின் கீழ்த்தடத்தில் சேரும் நீர் வெளியேறுவதற்காகச் சிறு வடிதுளைகள் இருக்கும். செம்மண் புழுதி அவற்றை அடைத்துவிட்டால் தடம் நிரம்பி நீர் உள்ளே வழியும். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தால் தீரக்கூடிய இந்தக் குறைக்கு, வடிதுளைகளையே ஒழுகும் துளைகள் என்று எண்ணிச் சீலன்டால் அடைத்துவிடுகிறவர்கள் பலர். சன்னல் ஒழுகுகிறது என்று யார் சொன்னாலும் முதலில் இந்தத் துளைகளையே பார்க்க வேண்டும்.

வண்டியின் ஓட்டுநர் அறைக்கும் சரக்குத் தளத்துக்கும் இடையே அசைவு உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டும் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) மீது தனித்தனியே அமர்ந்திருக்கின்றன. கூண்டை இரண்டிலும் சேர்த்துப் பிணைத்தால் ஏதேனும் ஒன்று கிழியும். ஓட்டுநர் அறைக்குச் செல்லும் வழி வேண்டுமென்றால், இடைவெளியை மடிப்புள்ள ரப்பர் உறையால் இணைப்பதே முறை.

தரை மட்டும் நனைகிறது

கூரையிலும் சுவரிலும் ஈரம் இல்லாமல் தரைப் பலகை மட்டும் ஊறியிருந்தால், நீர் கீழிருந்து வருகிறது. சரக்குத் தளத்தில் நீர் வடிவதற்கும் கயிறு கட்டுவதற்கும் விட்ட துளைகளின் வழியே, சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீர் மேலே ஏறும். எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால், வேறு வழியில் புகுந்த நீர் வெளியேற இடமின்றிப் பலகையை அழுகச் செய்யும் என்பதால், சக்கரத்துக்கு நேராக உள்ளவற்றை மட்டும் அடைத்து, மற்றவற்றுக்குக் கீழ்நோக்கிய சிறு குழாய் பொருத்தலாம். தரைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டை வாங்கினாலும், வெட்டிய விளிம்புகளுக்கு எபாக்சி பூசாமல் விட்டால் அது விளிம்பின் வழியே நீரை உறிஞ்சும். திருகாணிக்காக இடும் ஒவ்வொரு துளையும் ஒரு விளிம்புதான்.

மழையே இல்லை, விடியற்காலையில் சுவர் நனைந்திருக்கிறது

மார்கழியில் வால்பாறையிலோ கோத்தகிரியிலோ கொல்லிமலையிலோ இரவு தங்கியவர்கள் இதைக் கூண்டு ஒழுகுவதாக எண்ணிப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அது ஒழுக்கு அன்று; தகடு வேர்ப்பது. மூடிய கூண்டில் உறங்கும் இருவர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறார்கள். எரிவாயு அடுப்பு இதற்குமேல்: ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி பிறக்கும். காற்று 20 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்துடன் இருந்தால், 16 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். வெளிக்குளிரை அப்படியே உள்ளே கடத்தும் இரும்புச் சட்டங்களின் மீதுதான் முதலில் படியும். உட்சுவரில் ஈரக் கோடுகள் சட்டம் போன இடத்தை வரைந்து காட்டினால், ஐயமின்றி இதுதான்.

ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். சுவரைத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு முழ அளவுள்ள பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரவு முழுதும் விட வேண்டும். காலையில் தாளின் அறைப்பக்கத்தில் ஈரம் இருந்தால், அது உள்காற்றின் ஈரம். தாளுக்கும் சுவருக்கும் இடையே ஈரம் இருந்தால், அது சுவரின் பின்னாலிருந்து வருகிறது. அப்போது ஒழுக்கைத் தேட வேண்டும்.

குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் அடைத்துவிட்டு உறங்குவதை நிறுத்துவதே முதல் மருந்து. தாழ்வான இடத்தில் ஒரு சிறு திறப்பும் கூரையில் மற்றொரு திறப்பும் இரவு முழுதும் இருந்தால் போதும். 12 வோல்ட் சிறு விசிறி ஒன்று கூரையில் இருந்தால் இன்னும் நல்லது. சமைக்கும்போது கூரைத் திறப்பை முழுதும் திறந்துவிட வேண்டும். இரும்புச் சட்டங்களின் உட்பக்கத்தை மூடிய கண்ணறை கொண்ட நுரைப்பட்டையால் போர்த்தினால் ஈரக் கோடுகள் மறையும். மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான். மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்று ஓட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் எளிதில் கிடைக்கும் தடித்த தேங்காய்நார் விரிப்பு இதற்கு மிகவும் பொருத்தமானது. விலையுயர்ந்த இறக்குமதி விரிப்புகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சன்னல்களை மூடியிருந்தும் உள்ளே தூசி படிகிறது

ஓடும் கூண்டின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தத் தாழ்வழுத்தம், சக்கரங்கள் கிளப்பிய புழுதியைச் சுருட்டிப் பின்கதவின் மீது கொண்டுவந்து சேர்க்கிறது. கூண்டுக்குள்ளிருக்கும் காற்று கூரை இடுக்குகள் வழியே வெளியே இழுக்கப்படும்போது, பின்கதவின் இடைவெளி வழியே புழுதி உள்ளே வந்து நிரம்புகிறது. அதனால்தான் பக்கச் சன்னல்களை எவ்வளவு அடைத்தாலும் தூசி நிற்பதில்லை. பிக்கப் வண்டியின் பின்கதவு மணலும் செங்கல்லும் ஏற்றுவதற்காக அமைந்தது. அதன் கீல் பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி இருப்பது இயல்பு. அங்கே அகலமான ரப்பர்ப் பட்டையையும், சுற்றிலும் வெயில் மழை தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பரால் ஆன உள்ளீடற்ற பீடிங்கையும் (விளிம்புப் பட்டையையும்) கொடுக்க வேண்டும். கதவை மூடும்போது பீடிங் மூன்றில் ஒரு பங்காவது அமுங்க வேண்டும். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், எளிதில் உருவி வரும் இடமெல்லாம் அமுங்காத இடம்.

அடைப்பதோடு நில்லாமல், உள்ளே அழுத்தத்தை உயர்த்துவதும் உதவும். கூரையின் முன்பகுதியில், புழுதிக்கு மேலான உயரத்தில், முன்னோக்கித் திறக்கும் ஒரு காற்றுப்போக்கியை வடிகட்டித் துணியுடன் வைத்து, ஓடும்போது அதை மட்டும் திறந்துவிட்டால், காற்று உள்ளிருந்து வெளியே போகும். தூசிக்கு எதிர்த்திசை கிடைத்துவிடும். பின்னோக்கித் திறந்த காற்றுப்போக்கியோ இதற்கு நேர்மாறாகத் தூசியை அழைக்கும்.

தூசி வருகிற வழியில் புகையும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. புகைக்குழாயின் வாய் பின்கதவுக்கு அடியில் முடிந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். குழாயைக் கூண்டின் பக்கவிளிம்புக்கு வெளியே நீட்டிவிடுவதும், படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவதும் செலவைப் பார்த்து விட்டுவிடக் கூடிய வேலைகள் அல்ல. ஓடும்போது கூண்டுக்குள் எவரும் படுத்திருக்கவே கூடாது.

இன்னொன்று: தூசியை அடைக்கும் வேகத்தில் சிலிண்டர் அறையின் தரைத்துளையை அடைத்துவிடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அந்த அறை கூண்டின் உட்பகுதியோடு தொடர்பற்று, அடியில் வெளியே திறந்திருக்க வேண்டும்.

ஒட்டிய இடமே திரும்பத் திரும்பப் பிளக்கிறது

கதவின் மேல் மூலையிலோ சன்னலின் மூலையிலோ எத்தனை முறை நல்ல சீலன்டைப் பூசினாலும் அதே இடம் பிளந்தால், குறை சீலன்டில் இல்லை, கூண்டு முறுகுகிறது. பிக்கப் வண்டியின் சேசிஸான ஏணி வடிவச் சட்டம் மேடுபள்ளத்தில் முறுகும்படியே அமைக்கப்பட்டது. கூண்டை அதோடு பல இடங்களில் இறுக்கிப் பிணைத்தால், சட்டத்தின் முறுக்கு முழுவதும் கூண்டில் ஏறி, மிக வலுவற்ற இடமான கதவுத் திறப்பின் மூலையைக் கிழிக்கும்.

இதை உறுதிசெய்வது எளிது. சமதரையில் நிறுத்தி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்துகொண்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் அரை அடி உயரக் கட்டையின் மீது ஏற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். இடைவெளி தெளிவாக மாறினாலோ, கதவு பிடித்துக்கொண்டாலோ, ரப்பர் புஷ் இல்லாமல் நேரடியாக இறுக்கிய போல்ட்டுகளே காரணம். முன்பக்கம் ரப்பர் தாங்கிகளில் அசைய விட்டு, பின்பக்கத்தை இறுக்கிப் பிடிப்பதும், கதவு மூலைகளுக்கு உட்புறம் முக்கோணத் தகடு கொடுப்பதும் முறுக்கைக் குறைக்கும். சன்னலுக்குத் தகட்டை வெட்டும்போது மூலையைச் செங்கோணமாக வெட்டாமல் வளைவாக வெட்ட வேண்டும். பிளவு எப்போதும் கூர்மூலையில்தான் பிறக்கும். ஏற்கெனவே பிளந்திருந்தால், பிளவின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, அதன் மேல் ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம்.

ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால், இரும்புத் தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஈரம் பட்டவுடன் இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கும்; சிறிய அலுமினிய ரிவெட் பெரிய இரும்புத் தகட்டிடம் விரைவில் தோற்கும். அங்கே ரிவெட்டை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைச் சீலன்டில் தோய்த்து முறுக்குவது மேல்.

பகலில் உள்ளே இருக்க முடியாத வெப்பம்

வெப்பத்தடுப்பு வைத்திருந்தும் வெப்பம் குறையவில்லை என்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: சட்டங்களின் வழியே வெப்பம் நேராக இறங்குகிறது, அல்லது வெள்ளித்தாள் தகட்டோடு ஒட்டிக் கிடக்கிறது, அல்லது கூரையின் நிறம் கருமையாக உள்ளது. வெள்ளித்தாளுக்கு எதிரே விரலளவாவது காற்றிடைவெளி இருந்தால்தான் அது கதிர்வீச்சைத் திருப்பும். தகட்டோடு ஒட்டினால் அதுவும் ஓர் உலோகத் தகடு மட்டுமே. தெர்மோகோல் மலிவானது, ஆனால் அதிர்வில் உராய்ந்து பொடியாகி உதிரும். கரைப்பான் கலந்த பசை பட்டால் கரையும். எக்ஸ்.பி.எஸ். (அடர்ந்த பாலிஸ்டைரீன் நுரை) பலகையோ பஃப் (பாலியூரித்தேன் நுரை) பலகையோ இதற்கு ஏற்றது. இவை எரியக்கூடியவை என்பதால் அடுப்பருகே தகடு போர்த்த வேண்டும்.

செலவு குறைந்த முதல் வேலை, கூரைக்கு வெள்ளை அடிப்பது. இரண்டாவது, சோலார் பலகையைக் கூரையிலிருந்து நான்கு விரல் உயர்த்திப் பொருத்துவது. கூரைக்கு நிழலும் கிடைக்கும், அடியில் காற்று ஓடிப் பலகையும் குளிரும். பலகையின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அதன் மின்னாற்றல் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவதால், இதில் இரட்டை ஆதாயம்.

குளிர்பெட்டி ஓடத் தொடங்கி நின்றுவிடுகிறது

மின்கலம் நிறைந்திருந்தும் குளிர்பெட்டி நின்றால், மின்கலத்தைக் குறைசொல்வதற்கு முன் கம்பியைப் பாருங்கள். 12 வோல்ட் அமைப்பில் அரை வோல்ட் இழப்பே பெரிது. மின்கலத்திலிருந்து 5 மீட்டர் தொலைவிலுள்ள குளிர்பெட்டிக்கு, வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால், போக வர 10 மீட்டரில், 5 ஆம்பியருக்கு ஏறத்தாழ 0.6 வோல்ட் குறையும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் இன்னும் மிகுதி. அப்போது குளிர்பெட்டியின் பாதுகாப்பு அமைப்பு, மின்கலம் தீர்ந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அளக்கும்போது குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; ஓடாதபோது அளந்தால் எந்தக் கம்பியும் நல்ல கம்பியாகவே தெரியும். ஃப்யூஸ் மின்கலத்தின் அருகிலேயே இருக்கட்டும். குளிர்பெட்டியின் அருகே வைத்த ஃப்யூஸ் இடையிலுள்ள கம்பியைக் காக்காது.

கோடையில் சோலார் பலகை வெயிலில் இருந்தும் லித்தியம் மின்கலம் ஏறவில்லை என்றால், அதன் வெப்பநிலையைப் பாருங்கள். சில லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலங்களின் காப்புச் சுற்று 45 டிகிரியை ஒட்டி மின்னேற்றத்தை நிறுத்திவிடும். மூடிய இருக்கைப் பெட்டிக்குள் அந்த வெப்பம் கரூர், ஈரோட்டுப் பக்கம் பங்குனியிலேயே வந்துவிடும். பெட்டிக்குக் காற்றோட்டம் கொடுத்தால் சரியாகும்.

பின்பக்கம் தாழ்ந்து, வளைவுகளில் வண்டி அலைகிறது

முன்விளக்கின் ஒளி மரக்கிளைகளில் படுகிறது என்று எதிரே வருகிறவர்கள் விளக்கடித்துக் காட்டுவதே இதன் முதல் அறிகுறி. இதற்கு உடனே ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். ஆனால் பட்டை சேர்ப்பதால் அச்சும் பிரேக்கும் தாங்கும் எடை உயர்ந்துவிடாது. முதலில் எடைமேடைக்குப் போக வேண்டும். சந்தை கூடும் ஊர்களிலெல்லாம் எடைமேடை உண்டு. நீர்த்தொட்டியை நிரப்பி, ஆள்களுடன் முழு வண்டியையும் எடைபோட்டு, பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடைபோட்டுக் கழித்தால் பின்அச்சின் சுமை தெரியும். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால், கழிக்க வேண்டியது பொருள்தானே தவிர, சேர்க்க வேண்டியது பட்டை அன்று. எடை வரம்புக்குள் இருந்தும் பின்பக்கம் தாழ்ந்தால், நீர்த்தொட்டியின் இடத்தை மாற்றுங்கள். 60 லிட்டர் தொட்டி நிரம்பினால் 60 கிலோ; அது பின்அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன்சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கும். அச்சுக்கு முன்னால், தரையோடு ஒட்டி வைப்பதே முறை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் தொட்டியிலுள்ள நீர் அலைமோதுவதை உணர்ந்தவர்கள், அடுத்த முறை தடுப்பு வைத்த தொட்டியையே வாங்குவார்கள்.

கூண்டை நிரந்தரமாகப் பற்றவைக்க எண்ணுகிறவர்கள் அதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டாளர் முதலில் புரட்டும் பக்கமும் அதுவே.

புதிய கூண்டை ஏற்றிய பிறகு, முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டுகளையும் கூண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஒரு முறை முறுக்கி, ஒவ்வொரு நட்டின் மீதும் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை குனிந்து பார்க்கும்போது, கோடு விலகியிருக்கும் நட்டை மட்டும் முறுக்கினால் போதும்.